ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் ஒரு திவிமகுளுவா



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். சிலந்திக்குப் பயந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால் படம் எதுவும் போடவில்லை.

போன மழைக்குள் தரம் 9 மாணவன் ஒருவன் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றைச் சாரத் துண்டால் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். மூடியில் ஆணியால் குத்திய ஏழெட்டு ஓட்டைகள். உள்ளே, கைவிரல்களை விரித்து வைத்த அளவில், சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிலந்தி. போத்தலைத் தட்டினால் முன்கால்களைத் தூக்குகிறது. காலின் அடிப்பக்கம் பளிச்சென்று மஞ்சள். மாமாவின் தென்னந்தோட்டத்தில் பட்டுப்போன மரம் ஒன்றைத் தறித்தபோது பொந்துக்குள் இருந்ததாம். நான் வரலாறு படிப்பிக்கிறவன். விஞ்ஞான ஆசிரியை அன்று லீவு. அதனால்தான் என்னிடம் வந்தது.

“கொல்லாமக் கொண்டு வந்திருக்கேன் சேர்” என்றான். பாராட்ட வாயெடுக்கும்போது மற்றதையும் சொன்னான். அவனுடைய நானா வெளிநாட்டில். அங்கே கூட வேலை செய்யும் ஒருவர் இப்படியான சிலந்திகளை அலுமாரி நிறைய வளர்க்கிறாராம். இலங்கைச் சிலந்தி என்றால் நல்ல விலை கொடுப்பாராம். “அவருக்கிட்ட வேற நாட்டுச் சிலந்தி ஒண்டு இருக்காம் சேர். ரெண்டையும் சேத்தா உலகத்தில இல்லாத புது இனம் எடுக்கலாமாம். அது பிழையா சேர்?”

பிடித்து அனுப்புவது பிழை என்று உடனே சொல்லிவிட்டேன். அது விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டால் நானாவின் வேலையும் போகும் என்றேன். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. சேர்ப்பது பிழையா என்று கேட்டான். அந்தப் பாடவேளைக்குள் எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு கிழமை வாசித்த பிறகு எழுதுகிறேன்.

நாம் டரன்டுலா என்கிறோம், சிங்களத்தில் திவிமகுளுவா, அதாவது சிறுத்தைச் சிலந்தி. விஞ்ஞானப் பெயர் பொசிலோதீரியா. 1885இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் யூஜின் சிமோன் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். புள்ளிபோட்ட மிருகம் என்று பொருள்படும். காட்டோரத்துச் சிங்களக் கிராமத்தானும் பரிஸில் இருந்த அறிஞரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விடயத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பேரினம் உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் வாழ்கிறது. காடு குறைந்த இடங்களில் தென்னந்தோட்டத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் வந்துவிடுகிறது.

இவை நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கதை பழையது. கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில், அம்ஸ்டர்டாமில் அல்பர்ட்டஸ் ஸேபா என்ற மருந்து வியாபாரி இருந்தார். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் போய், மாலுமிகளிடம் பாம்பு, சிப்பி, பூச்சி எது இருந்தாலும் வாங்குவார். அவருடைய சேகரிப்பைப் படங்களாக அச்சிட்ட பெரும் நூலின் முதல் தொகுதி 1734இல் வந்தது. அதில் இலங்கைச் சிலந்தி ஒன்றும் இருக்கிறது. 1804இல் லத்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த நாட்டுச் சிலந்தி ஒன்றுக்கு பசியாட்டா என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கத்து வரண்ட பிரதேசத்தில் இருப்பது அந்த இனம்தான். போத்தலுக்குள் இருந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு 1899இல் லண்டன் நூதனசாலையில் இருந்த பொகொக் இந்தப் பேரினத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி, பல இனங்களுக்குப் பெயர் சூட்டினார்.

அந்தப் பெயர்களில் ஒன்றின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. மெட்டாலிக்கா என்பது கடும் நீல நிறச் சிலந்தி. ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில் நிலைய மரக்காலையில் ஒரேயொரு மாதிரி கிடைத்தது. மரத்தோடு ரயிலில் வந்திருக்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் 102 ஆண்டுகள் அதை யாரும் காணவில்லை. 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட சிறு காட்டில் மீண்டும் கண்டார்கள். இன்று அந்தக் காட்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பவர்களின் அலுமாரிகளில் சாதாரணமாக இருக்கிறது. ஒரு ரயில் பெட்டியில் வந்தது போல இடம் தெரியாமல் போவதற்கு இந்த விலங்குக்குப் பெரிய பிரயத்தனம் தேவையில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிலந்தி வளர்ப்பு பெரிய பொழுதுபோக்காக மாறியது கடந்த ஐம்பது ஆண்டுக்குள்தான். முதலில் புகழ்பெற்றது மெக்சிக்கோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி. அமைதியானது, அழகானது, சினிமாவிலும் வந்தது. ஆயிரக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். 1985இல் அதைச் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடான சைற்றிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. 1994இல் அந்தப் பேரினம் முழுவதுமே பட்டியலுக்குள் வந்தது. காட்டிலிருந்து வருவது குறைந்ததும், வளர்ப்பவர்கள் தாங்களே இனப்பெருக்கம் செய்யப் பழகினார்கள். சங்கங்கள் தோன்றின. பிரித்தானியாவின் சங்கம் 1980களில் தொடங்கியது. அந்தச் சங்கங்களுக்குள் எழுதப்படாத சட்டம் ஒன்றும் வளர்ந்தது: இனத்தை இனத்தோடு மட்டும் சேர், கலக்காதே.

இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது சிலந்தியின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும். பெண் பத்து வருடத்துக்கு மேல் வாழும். ஆண் கடைசித் தோலைக் கழற்றி முதிர்ச்சியடைந்த பிறகு அதிக காலம் இருக்காது. ஒருவரிடம் முதிர்ந்த பெண் இருக்கும், ஆண் இருக்காது. மற்றவரிடம் ஆண் இருக்கும், சோடி இருக்காது, அதன் நாட்கள் எண்ணப்பட்டிருக்கும். அதனால் ஆணைத் தபாலில் ஒருவருக்கொருவர் இரவல் அனுப்புகிறார்கள். குஞ்சு பொரித்தால் பங்கு. எங்கள் ஊரில் கிடாயை ஆட்டுக்கு விடுவது போலத்தான். பொருத்தமான சோடி கிடைக்காதபோது பக்கத்துப் பெட்டியில் இருக்கும் வேறினப் பெண்ணைப் பார்க்கும் சபலம் வருகிறது. நெருங்கிய இனங்கள் என்றால் சில வேளை குஞ்சும் பொரிக்கிறது. ஒரு கூட்டில் நூறு குஞ்சு வரை வரும். சிவப்பு முழங்காலுக்குப் பல நூறு.

இதில் இயற்கைக்கு மாறானது என்ன என்று கேட்டால், இலங்கைப் படத்தைக் காட்டிப் பதில் சொல்லலாம். வரண்ட சமவெளியில் பசியாட்டா. சிங்கராஜாப் பக்கத்து ஈரக் காட்டில் ஒர்னாட்டா. மலைநாட்டில் சப்பஸ்கா. கண்டிப் பகுதியில் ஸ்மிதி. ராமேஸ்வரத்தில் கண்டுபிடித்து 2004இல் பெயர் வைத்த ஹனுமவிலாசுமிக்கா, கடலைத் தாண்டி எங்கள் மன்னாரிலும் இருப்பது பிறகு தெரியவந்தது. யுத்தம் முடிந்த பின் மாங்குளம் பக்கத்தில் கிடைத்த ஒன்றுக்கு, அந்தப் பகுதியில் ஆய்வாளர்களுக்குத் துணைபோன பொலிஸ் அதிகாரியின் பெயரால் 2012இல் ராஜாயி என்று பெயரிட்டார்கள். மழையும் மலையும் வெயிலும் இவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. ஹம்பேர்க்கில் ஒருவரின் அறையிலோ, கண்டி மலையும் புத்தளத்துத் தென்னந்தோட்டமும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன.

ஆனாலும், “இயற்கைக்கு மாறானது, ஆகவே பிழை” என்று அந்த மாணவனுக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கள் ஊர்ப் புறாக்காரப் பொடியன்கள் எத்தனை வகைப் புறாவைக் கலக்கிறார்கள். மாடுகளுக்கு ஜேர்சி ஊசி போடாத பட்டி உண்டா? கழுதைகள் திரியும் மன்னாரையும் கற்பிட்டியையும் அறிந்தவர்கள் நாம். கோவேறு கழுதையை எடுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களுக்கு எகிப்து ஆட்சியாளரிடமிருந்து துல்துல் என்ற கோவேறு கழுதை அன்பளிப்பாக வந்தது, அதில் சவாரி செய்தார்கள். அப்படியொன்றை நாமும் இனம் சேர்த்து எடுக்கலாமே என்று அலி (ரழி) அவர்கள் கேட்டபோது, அது அறியாதவர்களின் வேலை என்ற கருத்தில் பதில் சொன்னதாக அறிவிப்பு உண்டு. இதிலிருந்து சட்டம் எடுப்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் ஆலிம் அல்ல, அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். பிறந்து வந்த கோவேறு கழுதையை யாரும் குதிரை என்று விற்க முடியாது. காதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிலந்திக் குஞ்சில் காது இல்லை. விரல் நுனியளவு இருக்கும்போது பசியாட்டாவா, வேறொன்றா, கலப்பா என்று வாங்குபவருக்குத் தெரியாது. வளர்ந்த பிறகும் காலின் அடிப்பக்கக் கோலத்தையும் கழற்றிய தோலையும் பார்த்துத்தான் அறிஞர்களே இனம் பிரிக்கிறார்கள். ஆக வாங்குபவர் வாங்குவது சிலந்தியை அல்ல, டப்பாவில் ஒட்டிய லேபலை. பிரச்சினை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

லேபல் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அந்தச் சிவப்பு முழங்காலே சாட்சி. பல தசாப்தமாக உலகம் முழுவதும் ஸ்மிதி என்ற லேபலோடு அதை வளர்த்தார்கள், விற்றார்கள், சைற்றிஸ் பத்திரங்களில் எழுதினார்கள். (இது மெக்சிக்கோ ஸ்மிதி. எங்கள் கண்டி ஸ்மிதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 2017இல் மெக்சிக்கோ ஆய்வாளர்களான மென்டோசாவும் பிராங்கேயும் மரபணுவையும் பார்த்து ஒழுங்குபடுத்தியபோது, வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் இருந்தது ஹமோரி என்ற வேறினம் என்று வந்தது. அனித்தா என்று வேறு பெயரில் விற்கப்பட்டதுதான் உண்மையான ஸ்மிதி. பசிபிக் கரையோரத்தில் இரண்டும் வெவ்வேறு பகுதிகளுக்குரியவை. இடையில் ஒருவர் சுத்தமான மனதோடு “ஸ்மிதிக்கு ஸ்மிதி” என்று சேர்த்திருந்தாலும் அது கலப்பாகியிருக்கலாம். எதிர்ப்பக்கமாகவும் நடந்தது. இலங்கைச் சிலந்தி ஒன்றுக்கு 2001இல் பெடர்செனி என்று தனிப்பெயர் வைத்தார்கள். பின்னர் அது விட்டாட்டாவேதான் என்று முடிவானது. இடைப்பட்ட காலத்தில் இரண்டையும் சேர்ப்பது பாவம் என்று ஒதுக்கி வைத்தவர்கள் ஒரே இனத்தைத்தான் பிரித்து வைத்திருந்தார்கள்.

இதைக் காட்டி, பெயரே நிலையில்லை, பிறகென்ன சுத்தம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வரலாற்றில் ஒரு கல்வெட்டைப் பிழையாக வாசித்தால் பிறகு வருபவர் திருத்தி வாசிக்கலாம். கல்லைச் செதுக்கிவிட்டால் திருத்த என்ன இருக்கிறது? மென்டோசாவால் திருத்த முடிந்தது, மெக்சிக்கோக் காட்டில் இரண்டு இனமும் அதனதன் இடத்தில் இருந்ததால்தான்.

இன்னும் சிலர், நாங்கள் வளர்ப்பது நூஹ் நபியின் கப்பல் மாதிரி, காடு அழிந்தாலும் இனம் எங்களிடம் இருக்கும் என்கிறார்கள். கலக்காதே என்று ஆகக் கூடுதலாகச் சத்தம் போடுபவர்களும் இவர்களே. அவர்களுடைய ஒழுக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கப்பல் என்றால் தண்ணீர் வற்றிய பிறகு கதவு திறக்க வேண்டும். எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றே தெரியாத, பல தலைமுறை டப்பாவில் பிறந்த சிலந்தியை எந்தக் காட்டில் விடுவது? குத்தி ரயில் நிலையத்து நீலச் சிலந்தியின் கதைதான்.

அப்படியென்றால் கலப்பினால் நமக்கு என்ன நட்டம்? அவர்களுடைய டப்பாவில் எதையாவது கலந்துவிட்டுப் போகட்டுமே என்று நானும் முதலில் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது விதைநெல். எங்கள் வாப்பா வயல் செய்த காலத்தில், ஒருமுறை வாங்கிய விதைநெல்லில் வேறினம் கலந்திருந்தது. பாதிக் கதிர் முற்றும்போது மற்றப் பாதி பச்சை. மூட்டையில் இனத்தின் பெயர் அழகாக எழுதியிருந்தது. அந்தப் போகத்து நட்டத்தை விட, அடுத்த போகம் எந்த மூட்டையையும் நம்பாமல் அவர் அலைந்ததுதான் எனக்கு ஞாபகம். கடைசியில் தெரிந்த ஒருவருடைய வயலுக்கே போய், நின்ற கதிரைப் பார்த்து வாங்கினார்.

சிலந்தி வாங்குபவரும் அதைத்தான் செய்வார். டப்பாவில் பிறந்தவற்றில் கலப்பு புகுந்து லேபலில் நம்பிக்கை போனால், அவர் தேடுவது காட்டிலிருந்து நேரே பிடித்த, பிடித்த இடம் எழுதிய சிலந்தியை. அதற்குத்தான் விலை கூடும். அந்த “வயல்” நம்முடைய தென்னந்தோட்டம், நம்முடைய மரப்பொந்து. ஹம்பேர்க்கில் ஒருவர் ஒளித்த உண்மைக்கு இங்கே ஒரு பொடியன் ஹோர்லிக்ஸ் போத்தலோடு போக வேண்டி வருகிறது. வளர்ப்பில் பிறந்த சிலந்தி நம்பிக்கையாகக் கிடைக்கும் வரைதான் நம் பொந்துகளுக்கு ஓரளவு நிம்மதி. கலப்பின் தீங்கு என்று நான் காண்பது இதைத்தான். சிலந்திக்குத் தன் இனத்தின் பெயர் தெரியாது, அதற்கு அவமானமும் இல்லை.

அதனால் தவறுதலாகக் கலப்புக் கூடு வந்துவிட்டால் உறைபெட்டியில் வைத்துக் கொன்றுவிட வேண்டும் என்று சில வளர்ப்பாளர் சொல்வதோடும் நான் உடன்படவில்லை. வளர்த்துவிட்டுப் போகலாம். விற்காமல், இரவல் கொடுக்காமல், கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லி. குறையை மறைத்து விற்கும் சரக்கைப் பற்றி நம் சந்தைகளில் உள்ளவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் வந்தது. 2018இல் அமெரிக்கா பசியாட்டா, ஒர்னாட்டா, ஸ்மிதி, சப்பஸ்கா, விட்டாட்டா ஆகிய ஐந்து இலங்கை இனங்களையும் அழியும் ஆபத்திலுள்ளவை என்று அறிவித்தது. அனுமதியின்றி மாநிலம் விட்டு மாநிலம் விற்க முடியாது. அடுத்த வருடம் பேரினம் முழுவதையும் சைற்றிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க இலங்கையும் அமெரிக்காவும் பிரேரித்தன. அந்த மாநாடு எங்கே நடக்க இருந்தது தெரியுமா? கொழும்பில், 2019 மே மாதம். நமது நாட்டுச் சிலந்திக்கும் மலைநாட்டு ஓணான்களுக்கும் நமது தலைநகரிலேயே பாதுகாப்புக் கேட்க ஆயத்தமாகியிருந்தார்கள். ஏப்ரல் 21 வந்தது. அதன்பின் நம் எல்லோருக்கும் என்ன நடந்தது என்று எழுதத் தேவையில்லை. அந்த மாதங்களில் சிலந்தியைப் பற்றி யார் நினைத்தோம்? மாநாடு ஜெனீவாவுக்குப் போனது. ஓகஸ்டில் அங்கே பிரேரணை நிறைவேறியது, நவம்பரிலிருந்து அமுலுக்கு வந்தது. இரண்டு கிழமைக்கு முன்வரை இது எனக்கும் தெரியாது. சைற்றிஸ் விதியில் கலப்பினத்துக்கும் இடமுண்டு. முன்னைய நான்கு தலைமுறைக்குள் பட்டியல் இனம் ஒன்று இருந்தால் கலப்பும் கட்டுப்பாட்டுக்குள் வரும். “புது இனம்” என்று சொல்லித் தப்ப முடியாது என்று நானாவுக்குச் சொல் என்றேன்.

இனி போத்தலின் கதை. ஒன்று சொல்ல வேண்டும்: யாரும் கையால் பிடிக்கப் போக வேண்டாம். டரன்டுலாக் கடியால் ஆள் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. ஆனால் இந்த இனங்களின் கடி கடும் வலி, நாட்கணக்கில் தசை இழுக்கும். கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொடியன் எப்படிப் போத்தலுக்குள் விட்டான் என்று கேட்டேன். சிரட்டையால் மூடி, கீழே காட்போட் செருகினானாம். அவனுக்கு மூளை இருக்கிறது.

மஃரிபுக்குப் பிறகு அவனுடைய மாமாவும் நானும் அவனும் டோர்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். தறித்த மரம் விறகாகிவிட்டது. வேலியோரம் பழைய புளியமரம் ஒன்று, இடுப்பளவு உயரத்தில் பொந்து. போத்தலின் வாயைப் பொந்தோடு வைத்துப் பிடித்தோம். கால் மணித்தியாலம் அசையவில்லை. மாமா இரண்டு தரம் “விட்டுட்டு வாங்க சேர்” என்றார். பிறகு ஒரு கால், இன்னொரு கால், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது.

வரும் வழியில் அவன் நானாவுக்கு வொயிஸ் அனுப்பினான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் அவனுடைய உம்மா பாடசாலைக்குப் பக்கத்தால் போகும்போது என்னைக் கண்டு போத்தலைத் திருப்பிக் கேட்டார். சீனி போட்டு வைக்கும் போத்தலாம்.